ஆளில்லாத குடி

கார்த்திகை மாதம் மூன்றாம் நாள், அடைமழையில் மார்த்தாண்டன் காணி செத்துப்போனார். அவர் கூவைக்காட்டின் மூட்டுக்காணி. பதினாறு குடிசைக்கும் தலைவர், வழக்குத் தீர்ப்பவர், விதைக்க நாள் குறிப்பவர் எல்லாம் அவர்தான். பாபநாசத்துக்கு மேலே, தாமிரபரணியில் போய் விழுகிற ஓடைகளில் ஒன்றின் கரையில் இருந்தது கூவைக்காடு. அங்கே காணிகள் என்கிற அந்த மலை ஜனம் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. மலை எப்போது வந்ததோ அப்போது வந்தவர்கள்.

மார்த்தாண்டனின் தங்கை கரும்பி. நாற்பத்தைந்து வயது, புருஷன் இல்லை, வாய் உண்டு. காணிகளுக்குள் தலைமை மகனுக்குப் போகாது. சகோதரி மகனுக்குத்தான் போகும். அண்ணன் கண்ணை மூடிய நிமிஷத்தில் கரும்பியின் மகன் மாடன் மூட்டுக்காணி ஆனான். ஆனதும் அவன் செய்ய வேண்டியிருந்த முதல் காரியம் குடியைக் காலி பண்ணுவது.

அது அவர்கள் வழக்கம். மூட்டுக்காணி செத்தால் ஆறு மாதத்துக்கு மண்ணை அவரிடமே விட்டுவிட வேண்டும். அவர் ஓடை, பாறை, புனம் என்று ஒவ்வொன்றிடமும் தனியாகப் போய் விடை சொல்லிக்கொண்டு கிளம்புவார். உயிருள்ள மனுஷரின் பேச்சோ புகையோ அங்கே இருந்தால் ஆசை பிடித்து நின்றுவிடுவார். ஆகவே புனத்தின் ஓரத்தில் அவரைப் புதைத்தார்கள். கூரைப் புல்லைப் பிரித்துப் போட்டார்கள். கதவுத் தட்டிகளைக் கழற்றினார்கள். அடுப்புக்கல்லையெல்லாம் கவிழ்த்தார்கள். விளைந்து நின்ற கேப்பையைக் குருவிக்கு விட்டார்கள். இரண்டு மலை தாண்டிப் போய்க் கிழங்கும் தேனும் தின்று பாறைக்குகையில் கிடந்தார்கள்.

எல்லாவற்றையும் கூட நின்று சரிபார்த்தவள் கரும்பி. பாதி வழி போன பிறகு, யாரோ ஒரு கிழிந்த பாயை விட்டு வந்ததாகச் சொன்னார்கள். அதற்காகத் திரும்பி வந்து, அதையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். அண்ணனுக்குச் செய்வதில் ஒரு குறை வைக்கக்கூடாது என்பது அவள் எண்ணம். அந்தப் பாயை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவள் பல்லைக் கடித்தது கொஞ்சமல்ல.

ஏனென்றால் தை மாதம் வெள்ளைக்காரச் சர்க்கார் மலையேறி வந்தது. ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை வேண்டும், கப்பலுக்குத் தேக்கு வேண்டும். இத்தனை நாள் விட்டுவைத்திருந்த காட்டையும் ரிசர்வ் ஆக்க அந்த வருஷம்தான் யோசனை வந்திருந்தது. சட்டம் நல்ல சட்டம்தான், குறை சொல்லக்கூடாது. இந்தக் காட்டில் யாருக்காவது பாத்தியதை இருந்தால் மூன்று மாதத்துக்குள் வந்து சொல்லலாம் என்று குடிக்குக் குடி தண்டோராப் போட்டு, நோட்டீஸ் ஒட்டச் சொல்கிறது. எழுத்து என்றால் என்னவென்று தெரியாத ஜனத்துக்கு எழுத்திலே நோட்டீஸ். அந்தக் கருணைக்கு ஒரு கும்பிடு.

கூவைக்காட்டுக்குத் தண்டோராவோடு வந்தவன் பலவேசம். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துக்காரன், காட்டுக் காவலன் வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வந்து பார்த்தால் ஒரு ஆள் இல்லை. இருந்தாலும் சட்டம் சொல்கிறதே! தமுக்கடிப்பவனை நடு முற்றத்தில் நிறுத்தி மூன்று தடவை அடிக்கச் சொன்னான். கருங்குரங்குகள் கேட்டுக்கொண்டன. நோட்டீஸைப் பலாமரத்தில் ஆணியடித்துவிட்டுக் கீழே போய், "ஆளில்லை. கூரையில்லை. அடுப்பு கவிழ்ந்து கிடக்கிறது. ஒரு கிழிந்த பாய்கூட இல்லை. நெடுநாளாக யாரும் குடியிருந்த அடையாளமில்லை" என்று எழுதிக் கொடுத்தான். அதில் கடைசி வரியைத் தவிர ஒரு வரி பொய்யில்லை. வயிறு எரிவது அதனால்தான்.

சித்திரை முடிந்து காணிகள் திரும்பி வந்தார்கள். கல்லை நிமிர்த்தி, கூரை வேய்ந்து, மாடன் விதைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது பலவேசம் மறுபடி வந்தான்.

"ஏலே, யாரைக் கேட்டு இங்கன வந்து குடிசை போடுதிய?"

கரும்பி கூரையிலிருந்து இறங்கினாள். "எங்க வீட்டுக்கு நாங்க வாரதுக்கு யாரைக் கேக்கணும்?"

"வீடா? இது ரிசர்வு காடுட்டி. மூணு மாசம் தவணை குடுத்தாச்சு. எவனும் வந்து கேக்கல. தவணை முடிஞ்சிபோச்சு. ஒரு மாசத்துல எடத்தைக் காலி பண்ணிட்டுப் போயிருங்க."

"எங்ககிட்ட யாரும் சொல்லலையே."

"சொன்னேனே! நான்தான் வந்து தமுக்கடிச்சேன்."

"யாருக்கு அடிச்சீரு?"

பலவேசம் பலாமரத்தைக் காட்டினான். ஆணி இருந்தது, காகிதத்தில் முக்கால்வாசியைக் கரையான் தின்றிருந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையைக் கேட்டிருக்கிறோம். அந்தப் பிடாரியாவது நேரே நின்று விரட்டியது. இது ஆளில்லாத நேரம் பார்த்து மரத்தோடு பேசிவிட்டுப் போயிருக்கிறது.

பாத்தியதைகளைத் தீர்மானிக்கிற அதிகாரி சேரன்மகாதேவியில் கூடாரம் அடித்திருக்கிறார் என்று தெரிந்ததும் கரும்பியும் மாடனும் நடந்தார்கள். ஒன்றரை நாள் நடை. கீழே வர வர ஓடை ஆறானது, ஆறு கால்வாயானது, கால்வாய் வயலானது. கார் சாகுபடிக்கு இன்னும் உழவு தொடங்கவில்லை. பிசான நெல் அறுத்த தாளோடு வயல்கள் வெறுமனே கிடந்தன. ஒரு வரப்பில் நின்ற மனுஷரிடம் கரும்பி கேட்டாள்.

"அண்ணாச்சி, இது யாரு வயலு?"

"என் வயலுதான். ஏன் கேக்க?"

"ஒண்ணும் வைக்காம சும்மா கெடக்கே."

"சும்மா கெடந்தா என் வயலு இல்லாம ஆயிருமா? பட்டா இருக்குல்லா" என்று அவர் சிரித்தார்.

கரும்பிக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மலையில் பெய்த தண்ணீரில் விளைகிறது இவன் நெல். இவன் நிலம் சும்மா கிடந்தால் ஓய்வெடுக்கிறது. எங்கள் நிலம் சும்மா கிடந்தால் நாதியற்றுக் கிடக்கிறது. இதைக் கூடாரத்தில் போய் அப்படியே சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

சொல்லவும் செய்தாள். அதிகாரி சிவசண்முகம் வெள்ளைக்காரர் அல்ல, நம்மவர்தான். தங்கப் பிரேம் கண்ணாடி, மடிப்புக் கலையாத கோட்டு, குரலில் ஒரு சாந்தம். அதட்டுகிறவனிடம் திருப்பி அதட்டலாம்; சாந்தமாகப் பேசுகிறவனிடம் என்ன செய்வது? முழுவதையும் தலையாட்டிக் கேட்டார். பக்கத்தில் குமாஸ்தா தேவசிகாமணி எழுதிக்கொண்டிருந்தான். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், சின்ன வயசு. காணிகளை நிமிர்ந்து பார்த்து எழுதிய ஒரே ஆள்.

"நான் உங்களுக்கு விரோதி இல்ல" என்றார் சிவசண்முகம். "தவணை தப்பினதுக்குத் தக்க காரணம் இருந்தா மனுவை ஏத்துக்கிட எனக்கு அதிகாரம் உண்டு. தலைவர் செத்ததாலே போனோம்ங்கிய. காவலன் என்ன சொல்லுதான்னா, நீங்க வருஷா வருஷம் இடம் மாறுத ஜனம், அப்படித்தான் போயிருப்பியங்கான். நான் எதை நம்ப? அந்தச் சாவு எங்கே பதிவாயிருக்கு?"

"பதிவுன்னா?"

"கிராம முன்சீப்பு எழுதி வைப்பாருல்லா."

"எங்க மலைக்கு எந்த முன்சீப்பும் வந்ததில்ல ஏமானே."

"அப்போ சாட்சி?"

"பதினாறு குடியும் சாட்சி."

"நீங்க எல்லாரும் இந்த மனுவுக்குக் கட்சிக்காரங்க. கட்சிக்காரன் சாட்சியாக முடியாதும்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரைப் புதைச்ச இடம் இருக்குல்லா? அதைத் தோண்டிக் காட்டுனா, சாவு நிஜம்னு நான் எழுதிக்கிடுதேன். மனுவை விசாரணைக்கு எடுத்துக்கிடுவேன்."

மாடன் ஒரு அடி பின்னால் போனான். "அது ஆகாது ஏமானே. புதைச்ச மண்ணை எங்க ஆளு யாரு தொட்டாலும் அவங்க குடிக்கு வெளிய போகணும். ஓடைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கணும். ஒரு நெருப்பு, ஒரு சட்டி, ஒரு பேச்சு கிடையாது. சாகுத வரைக்கும்."

"அப்போ எங்க ஆளை விட்டுத் தோண்டச் சொல்லுதேன்."

"வேத்தாளு கை பட்டா அவரு போக வழி தெரியாம அங்கனயே அலைவாரு" என்றான் மாடன்.

சிவசண்முகம் கையை விரித்தார். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்க்கும் அப்படித்தான் இருந்திருக்கும் முகம்.

கரும்பி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரிடமும் எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்கிற இந்த ஊரில், அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி அண்ணனின் உடம்பு. அதையும் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் பதினாறு குடியும் போகும். கொடுத்தால் ஒருத்தி மட்டும் போவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"நான் தோண்டுதேன்" என்றாள். "வந்து பாத்துக்கிடும்."

மாடன் அவள் கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

பத்து நாள் கழித்து அதிகாரியை டோலியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குடி முழுக்கப் பாறைப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குழந்தைகளின் கண்ணைத் தாய்மார் பொத்தியிருந்தார்கள். கிழங்கு தோண்டுகிற கம்பை எடுத்துக்கொண்டு கரும்பி தனியாகப் புனத்தின் ஓரத்துக்குப் போனாள். ஆறு மாத மழையிலும் வெயிலிலும் மண் இறுகியிருந்தது. இடுப்பளவு இறங்குவதற்குள் கை கொப்பளித்து உடைந்தது. அவள் அழவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அதிகாரிக்கு ஒன்று, பலவேசத்துக்கு ஒன்று, தமுக்குக்கு ஒன்று, தனக்கே நாலைந்து.

உடம்பைச் சுற்றிப் புதைத்த பாய் தெரிந்தது. அதை விலக்கினாள். இடது பக்கம் சாய்த்துக் கட்டிய குடுமி அப்படியே இருந்தது. சின்ன வயதில் அந்தக் குடுமியைப் பிடித்து இழுத்து அவள் வாங்கிய அடி உண்டு.

"இதுதான் எங்க அண்ணன். நல்லா பாத்துக்கிடும்" என்றாள்.

சிவசண்முகம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போதும், போதும், மூடு" என்று பின்னால் நகர்ந்தார். தேவசிகாமணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உதட்டுக்குள்ளே அவனுடைய ஜெபத்தை முணுமுணுத்தான். பிறகு எழுதினான். ஆண் சடலம் ஒன்று என்று.

அன்றைக்கே கரும்பிக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும். குடியைக் கூட்டி வைத்து மூட்டுக்காணி வாயால் சொன்னால்தான் அது தீர்ப்பு. மாடன் சொல்லவில்லை. உத்தரவு வரட்டும் என்றான். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, யாரும் போ என்று சொல்லவும் இல்லை. அவளாகவே தனியாகப் பொங்கித் தின்றாள், தனியாகப் படுத்தாள். காடு கிடைக்கட்டும், அதற்கப்புறம் சந்தோஷமாகவே ஓடையைத் தாண்டிப் போகலாம் என்று ஒவ்வொரு நாளையும் தள்ளினாள்.

ஆனி மாதக் கடைசியில் தேவசிகாமணி உத்தரவோடு மேலே வந்தான். பின்னாலேயே பலவேசமும் நாலு ஆட்களும். பதினாறு குடியும் முற்றத்தில் கூடியது. கரும்பி எல்லாரையும் விட்டுத் தள்ளி நின்றாள். விதைத்த கேப்பை புனத்தில் விரற்கடை உயரம் எழும்பியிருந்தது.

தேவசிகாமணி வாசித்தான். மனு தாமதமானது மன்னிக்கப்படுகிறது. காடு வெட்டிச் சுட்டு இடம் மாறிப் பயிரிடுவது நில அனுபவம் ஆகாது. தை மாதத்து அறிக்கைப்படி குடிசைகள் கைவிடப்பட்டவை. இப்போது இருப்பவை புதிதாகப் போட்டவை. ஸ்தலத்தில் நிரந்தர அடையாளமாகக் காணப்பட்டது ஒரு புதைகுழி மட்டுமே. ஆகவே புதைகுழி அளவுக்கு, ஆறடிக்கு மூன்றடி நிலம், ரிசர்விலிருந்து விலக்கப்படுகிறது. உறவினர்கள் வருஷத்தில் ஒரு நாள் பாஸ் பெற்று வந்து போகலாம். மற்றபடி ஆடி முதல் தேதிக்குள் எல்லாரும் வெளியேற வேண்டும்.

"இன்னொருக்கா வாசியும்" என்றாள் கரும்பி.

வாசித்தான்.

"செத்தவனுக்கு எடம் உண்டு. உசிரோட இருக்கவனுக்கு இல்ல. அப்படித்தான ரைட்டரய்யா?"

அவன் காகிதத்தை மடித்தான்.

"ஒருத்தனுக்கு ஆறடின்னு எழுதியிருக்கு. அப்போ எத்தனை பேரைப் புதைச்சா இந்தக் காடு பூராவும் எங்களுக்கு வரும்? படிச்ச ஆளுதான நீரு, சொல்லும். கெழவனையும் கெழவியையும் மொதல்ல போடவா? இல்ல, பாலு குடிக்கதுல இருந்து ஆரம்பிக்கவா?"

"அம்மா... மேலே அப்பீல் இருக்கு. கலெக்டருக்கு நான் எழுதித் தாரேன். என் சொந்தக் கையால எழுதித் தாரேன்."

"எழுதும். எங்க அண்ணன் கெடந்த கெடையையும் உம்ம கையாலதான எழுதினீரு."

அவன் நல்லவன்தான். நல்லவனைத் திட்டுவது பாவம் என்று கரும்பிக்குத் தோன்றவில்லை. கெட்டவர்கள் கைக்கெட்டாத உயரத்தில் உட்கார்ந்துகொண்டு நல்லவர்களை அனுப்பி வைக்கிறார்கள். வேறு யாரைத் திட்டுவது?

பலவேசம் முன்னால் வந்தான். "சரி சரி, கேட்டாச்சுல்லா. இன்னும் ரெண்டு நாளு இருக்கு. சாமான் சட்டியை எடுத்துக்கிட்டு எறங்குத வழியைப் பாருங்க."

கூட்டத்தில் ஒருத்தி ஓவென்று அழுதாள். ஒரு பெரியவர் குந்திய இடத்திலேயே மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டார். மாடன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கரும்பி அவனிடம் போனாள். ஆறடி தள்ளி நின்றுகொண்டாள்.

"மூட்டுக்காணி, எனக்குத் தீர்ப்பு சொல்லு."

"என்ன தீர்ப்பு அம்மை?"

"புதைச்ச மண்ணைத் தோண்டினவளுக்கு என்ன தீர்ப்போ அது."

"இப்பமா?" மாடனுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. "குடியே போச்சு. இனிமே உள்ள என்ன, வெளிய என்ன? நீ எங்ககூடவே இரு. எங்க போனாலும் ஒண்ணாப் போவோம்."

"குடி போச்சுன்னு யாருலே சொன்னது?" கரும்பி போட்ட சத்தத்தில் அழுதவள் அழுகையை நிறுத்தினாள். "அந்தக் கடுதாசியா? அது சொன்னா ஆச்சா? இந்த மண்ணுல யாரு இருக்கணும், யாரு போகணும்னு சொல்லுத வாய் ஒண்ணுதாம்லே உண்டு. நேத்து எங்க அண்ணன் வாய், இன்னைக்கு உன் வாய். பெத்தவளுன்னு பாத்து அதை நீ மூடிக்கிட்டேன்னு வையி, இனிமே இங்க பலவேசம் வாய்தான் பேசும். காட்டைப் புடுங்குதான், புடுங்கட்டும், பாத்துக்கிடுவோம். நம்ம சட்டத்தை நீயே தூக்கி அவன் கையில குடுப்பியாலே? சொல்லு. எல்லாரும் கேக்கும்படியா சொல்லு."

மாடன் அவளையே பார்த்தான். பிறகு கட்டிய கையை அவிழ்த்து, மாமன் தீர்ப்புச் சொல்ல நின்ற மாதிரி பலாமரத்தடியில் போய் நிமிர்ந்து நின்றான். பதினாறு குடியும் எழுந்து நின்றது. மண் அள்ளிப் போட்டுக்கொண்ட பெரியவரும் எழுந்தார்.

"கூவைக்காட்டுக் கரும்பி, புதைச்ச மண்ணைத் தொட்டுட்டா. குடிக்கு வெளிய போகணும். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கணும். அவளுக்கு நம்ம நெருப்பு இல்ல, நம்ம சட்டி இல்ல, நம்ம பேச்சு இல்ல. இது மூட்டுக்காணி சொன்ன தீர்ப்பு. இந்தக் குடி இருக்குத வரைக்கும் இது நிக்கும்."

"நிக்கும்" என்றது குடி.

தேவசிகாமணிக்கு அங்கே என்ன நடக்கிறது என்று பாதிதான் புரிந்தது. பாதி புரிந்ததற்கே அவன் தலைப்பாகையைக் கழற்றிவிட்டான். கரும்பி கிழங்குக் கம்பை எடுத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் ஓடைக்குள் இறங்கினாள். ஆனிச் சாரலில் தண்ணீர் தொடை மட்டும் ஓடியது. அக்கரையில் ஏறி, ஈத்தம் புதருக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் சமதளமாக இருந்த இடத்தைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

பலவேசம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடையைத் தாண்டி வந்தான். மூச்சு வாங்கியது.

"ஏட்டி, என்ன வெளையாட்டு காட்டுத? இந்தப் பக்கமும் ரிசர்வுதான். இங்கனயும் இருக்கக் கூடாது. கீழ எறங்கு."

கரும்பி நிமிர்ந்தாள்.

"என்னைப் போன்னு சொல்ல அதிகாரம் உள்ளவன் சொல்லியாச்சு. இங்க இருன்னும் அவன்தான் சொன்னான். நீ கேட்டுக்கிட்டுத்தான நின்ன? அதுக்கு மேல பேச நீ யாருலே?"

பலவேசம் அக்கரையைப் பார்த்தான். அங்கே ஒருவரும் மூட்டை கட்டவில்லை. மாடன் புனத்துக்குள் இறங்கிக் களை பிடுங்கத் தொடங்கியிருந்தான். ஒவ்வொருவராக மற்றவர்களும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கரையில் கரும்பி குனிந்து, குடிசைக்கு முதல் கால் நட மண்ணைக் குத்தினாள்.